பாதியில் நிற்கும் லென்ஸ்: திறக்கும் முன் பிளாஷ் கெப்பாசிட்டரைப் பாருங்கள்

வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் படம் எடுத்த கேமராவில் லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிடுகிறது, பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். திருப்பூர்ப் பக்கம் என்றால் பஞ்சுத் தூசி மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். திறக்கும் முன் ரப்பர் புளோயரால் லென்ஸ் குழாய்களின் இடுக்கில் சுற்றிலும் ஊதுங்கள். விசிட்டிங் கார்டு முனையை மெதுவாக ஓட்டினால் இழை இழையாகப் பஞ்சு வரும். பல கேமராக்கள் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லையா, அப்புறம் திறக்கலாம். ஆனால் ஒன்றுங்க, பேட்டரியைக் கழற்றிய பிறகும் பிளாஷ் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கும். பிளாஷுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம் அது; பிளாஷ் பக்கம் சின்ன பேட்டரி போல உருண்டையாக இருக்கும். அந்த மின்சாரத்தை இறக்க, அதன் இரு கால்களையும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டு ஷார்ட் செய்யவே வேண்டாம். தீப்பொறியில் போர்டும் போகலாம். 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை (மின்தடையை) இன்சுலேஷன் உள்ள கம்பிகளில் பற்றவைத்து, கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் சில நொடிகள் வையுங்கள். கை உலோகத்தில் படக்கூடாது. மல்டிமீட்டரில் சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே மற்ற வேலை.

ஸ்க்ரூக்கள் நீளத்தில் வேறுபடும். கேமரா படத்தைத் தாளில் வரைந்து அந்தந்த இடத்தில் டேப்பால் ஒட்டிவையுங்கள். ரிப்பன் கேபிளை இழுக்காதீர்கள், கனெக்டரின் பூட்டை நகத்தால் தூக்கினால் தானே வரும். உள்ளே கியரின் பல் உடைந்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, லென்ஸ் யூனிட்டையே மாற்றவேண்டும். அதே மாடல் பழைய கேமரா ஒன்றை உதிரிக்கு வாங்குவது மலிவு. மாடல் எண்ணைச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.