மடியில் மூன்று பாம்பு, மேசையில் மகனுக்கு ஒரு கடிதம்

வாசகர் கேள்வி – எங்கள் பதில்

அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் தன் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சில.

ரூஸ்வெல்ட் என்றால் சக்கர நாற்காலியில் இருந்தவர்தானே? (திண்டுக்கல் வாசகர்)

அவர் பிராங்க்ளின், 1933 முதல் 1945 வரை அதிபர். நாம் சொன்னவர் தியோடர். 1901 செப்டம்பரிலிருந்து 1909 மார்ச் வரை பதவியில் இருந்தார். இருவரும் தூரத்துப் பங்காளிகள். பிராங்க்ளின் கட்டிக்கொண்ட எலினார், தியோடரின் தம்பி மகள்.

ஒரு நாட்டின் அதிபருக்கு ஆறு பிள்ளைகளுக்கும் கடிதம் எழுத நேரம் எங்கிருந்து வந்தது? அப்படி என்னதான் எழுதினார்? (கும்பகோணம் வாசகி)

நீளமாக எழுதவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பல கடிதங்கள் அரைப் பக்கம், ஒரு பக்கம்தான். ரயிலில் எழுதினார், போர்க்கப்பலில் எழுதினார், போர்க்களத்துக் கூடாரத்திலும் எழுதினார். அன்று வீட்டில் நடந்தது எதுவோ, கண்ணில் பட்டது எதுவோ, அதையே எழுதியதால் விஷயம் தேடி உட்கார வேண்டியிருக்கவில்லை.

1907 செப்டம்பர் 28-ம் தேதி மகன் ஆர்ச்சிக்கு எழுதியதைப் பாருங்கள். கடைக்குட்டி க்வென்டினுக்கு அப்போது 9 வயது. பிராணிகள் விற்கும் கடைக்காரர் ஒருவர், ஒரு நாள் வைத்துக்கொள் என்று மூன்று பாம்புகளைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒன்று பெரிது, விஷமில்லாதது. மற்ற இரண்டும் குட்டி. பையன் சக்கரக் காலணியோடு வழுக்கிக்கொண்டு வந்து, அரசின் தலைமை வழக்கறிஞரோடு பேசிக்கொண்டிருந்த அப்பாவின் மடியில் மூன்றையும் போடுகிறான். பெரியது சற்றுமுன்தான் குட்டி ஒன்றை விழுங்கப் பார்த்திருக்கிறது. பக்கத்து அறையில் நான்கு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சலிப்போடு காத்திருக்கிறார்கள், அங்கே போய்க் காட்டு என்று அனுப்பிவைக்கிறார் அப்பா. அவர்கள் மரத்தில் செய்த பொம்மைப் பாம்பு என்று நினைத்து, உயிருள்ளது என்று தெரிந்ததும் பின்வாங்குகிறார்கள். மூன்று நான்கு அடி நீளப் பாம்பு பையனின் சட்டைக் கைக்குள் ஏறிவிடுகிறது. பின்னுக்கு இழுத்தால் செதில் தடுக்கும். கடைசியில் ஓர் உறுப்பினர் பயந்து பயந்து பையனின் மேல்சட்டையைக் கழற்ற உதவுகிறார், பாம்பு மேல்பக்கமாக வெளியேறட்டும் என்று.

பாம்பு ஏன் பின்னால் இழுக்க வரவில்லை என்பது வரைக்கும் சொல்கிறார். பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு அந்த அறையைக் கண்முன் கொண்டுவருவது அந்தச் செதில்தான். ‘தம்பி பாம்போடு விளையாடினான், நாங்கள் சிரித்தோம்’ என்று முடித்திருந்தால் ஆர்ச்சிக்கு ஒன்றுமே போய்ச் சேர்ந்திருக்காது.

வயதுக்கு ஏற்ற விஷயமும் அவருக்குத் தெரியும். 1898-ல், அதிபராவதற்கு முன், கியூபாப் போர்முனையிலிருந்து 6 வயது எத்தலுக்கு எழுதும்போது, புழுதிச் சாலையில் விருட்டென்று ஓடி, தலையைத் தூக்கி நிற்கும் பல்லிகளைப் பற்றிச் சொல்கிறார். 1906 நவம்பரில் பனாமா கால்வாய் வேலையைப் பார்த்துவிட்டு 17 வயது கெர்மிட்டுக்கு எழுதும்போது, வெடிவைத்துத் தளர்த்திய பாறையை நீராவி மண்வாரிகள் அள்ளி ரயில்பெட்டியில் கொட்டும் விதத்தை விவரிக்கிறார். சரளமாகப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வரிகளுக்கு நடுவே படம் போட்டார். கைதேர்ந்த படங்கள் அல்ல, கோட்டுப் படங்கள்.

அறிவுரையே சொல்லாமல் எப்படிப் பிள்ளை வளர்ப்பது? (நாமக்கல் வாசகர்)

அறிவுரையும் சொன்னார். எங்கே என்பதைக் கவனியுங்கள். மூத்த மகன் டெட் குரோட்டன் விடுதிப் பள்ளியில் படிக்கிறான், வயது 16. அமெரிக்கக் கால்பந்தில் இரண்டாவது அணியில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். உறையின் மேலேயே ‘சீக்கிரம்! சீக்கிரம்!’ என்று எழுதி அப்பாவுக்கு அனுப்புகிறான். 1903 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, அப்பா பதில் எழுதுகிறார்: நீ அவசரம் என்றாலும் அம்மாவைக் கலந்து யோசிக்காமல் எதையும் செய்ய விரும்பவில்லை. இப்போது செய்வதும் சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. நீ மிகவும் மனமுடைந்துபோவாய் என்பதால்தான், இல்லாவிட்டால் அவர்கள் முடிவை ஏற்றுக்கொள் என்றே சொல்லியிருப்பேன். அந்த விளையாட்டு தனக்கு வந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார். இவ்வளவுக்கும் பிறகுதான், விளையாட்டே வாழ்க்கை ஆகிவிடக் கூடாது, படிப்பை அதற்குப் பலி கொடுக்காதே, அறிவையும் உடம்பையும்விடக் குணம் பெரிது என்கிறார்.

அந்த வரிசை முக்கியம். பையனின் அவசரத்துக்கு முதலில் பதில், பிறகு தன் தயக்கம், அறிவுரை அதற்கும் பிறகுதான். அதைத் தலையில் வைத்து ஆரம்பித்தால் பிள்ளை முதல் வரியோடு மடித்து வைத்துவிடும்.

என் கணவர் துபாயில் வேலை செய்கிறார். வீடியோ காலில் 7 வயது மகன் ஒரு நிமிஷத்தில் ஓடிவிடுகிறான். கடிதம் எழுதச் சொன்னேன். எப்படித் தொடங்குவது? (ராமநாதபுரம் வாசகி)

தாளில் பாதிக்கு மேல் வேண்டாம், சகோதரி. பையன் பெயரைப் போட்டு, வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரிலேயே எழுதட்டும். ‘எல்லோரும் நலமா’ என்ற பொதுக் கடிதம் அவனுடையது ஆகாது. அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்குத் தனித்தாள். எழுத்து பெரிதாக, வரிக்கு நாலைந்து சொல்.

முதல் வரி, அவன் கடைசியாகக் கேட்டதற்கோ சொன்னதற்கோ பதில். இதற்காகப் போனில் அவன் சொல்லும் ஒரு விஷயத்தை அப்பா அன்றே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, கண்ணால் பார்த்த ஒன்றே ஒன்று: கிரேன், தங்குமிடத்துப் பூனை, எதுவானாலும். என்ன நிறம், எவ்வளவு உயரம், அது என்ன செய்தது, அப்புறம் என்ன ஆயிற்று. பக்கத்தில் ஒரு படம். கடைசியில், ‘ஆமாம், இல்லை’ என்று முடிக்க முடியாத ஒரு கேள்வி. ‘நல்லாப் படிக்கிறியா’ கேள்வி அல்ல. ‘நம்ம வீட்டு முருங்கையில் இப்போ என்ன இருக்கு, வரைந்து அனுப்பு’ என்றால் பதில் வரும்.

தபால் சேரப் பல நாள் ஆகும். ஆகவே ‘நாளைக்குப் பரீட்சை நல்லா எழுது’ போன்றவை போனிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் 1, 2, 3 என்று எண் போட்டால் எது தவறியது என்று தெரியும். பையன் பதில் எழுதும்போது ஒன்று கவனியுங்கள்: அங்கே தபால்பெட்டி எண்ணுக்குத்தான் கடிதம் போகும். கம்பெனியின் பெட்டி எண்ணைக் கேட்டு, கணவர் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். அவன் எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பவே கூடாது. இரண்டு முறை திருத்தினால் மூன்றாவது கடிதம் வராது.

நேருவும் மகளுக்கு எழுதினாரே? (சேலம் வாசகர்)

எழுதினார். 1928 கோடையில் 10 வயது இந்திரா முசூரியில், நேரு அலகாபாத்தில். பூமி தோன்றியதிலிருந்து தொடங்கி எழுதினார். பிறகு 1930 அக்டோபர் முதல் 1933 ஆகஸ்ட் வரை, பெரும்பாலும் சிறையிலிருந்து, உலக வரலாற்றை 196 கடிதங்களாக எழுதினார். அவற்றில் பல உடனுக்குடன் அனுப்பப்படாமல் அவரிடமே சேர்ந்தன. அவை பாடம், அருமையான பாடம். ரூஸ்வெல்ட்டுடையது போகவர இருந்த பேச்சு. 7 வயதுப் பிள்ளைக்குப் பேச்சையே எடுத்துக்கொள்ளச் சொல்வோம்.

எல்லாப் பிள்ளைகளிடமும் அவர் இப்படியா? (மதுரை வாசகி)

இல்லை. மூத்தவள் ஆலிஸ் பிறந்த இரண்டாம் நாள், 1884 பிப்ரவரி 14 அன்று, தாய் இறந்துபோனார். குழந்தை முதல் சில ஆண்டுகள் அத்தையிடம் வளர்ந்தாள். இறந்த மனைவியைப் பற்றி அவர் பேசுவதையே தவிர்த்தார். தன்வரலாற்றிலும் அந்தப் பெயர் இல்லை. அவ்வளவு எழுதிய கை அங்கே நின்றுவிட்டது. அந்த மகளுக்கு அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறோம்.

அப்பா எழுதிய பழைய இன்லேண்ட் கடிதங்கள் மடிப்பில் கிழிகின்றன. லேமினேட் செய்யலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

தயவுசெய்து வேண்டாம். சூடும் பசையும் தாளோடு ஒட்டிவிடும், பிறகு பிரிக்க முடியாது. செலோ டேப்பும் கூடாது. சில வருஷத்தில் பசை பழுத்து எழுத்தின் மேல் கறையாக இறங்கும். ஸ்டேப்ளர் முள் துரு ஏறும். பின்பக்கம் அதன் கால்களை மெல்லிய கத்தியால் நிமிர்த்தி எடுங்கள், முன்னால் பிடித்து இழுக்காதீர்கள். மடிப்பை விரித்துத் தட்டையாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் வெள்ளைத் தாள் வைத்து, அட்டைப் பெட்டியில் அடுக்குங்கள். பரண் சூட்டிலும் தரை ஈரத்திலும் வேண்டாம். ஈரம் இருந்தால் ராமபாணப் பூச்சி வரும். மலிவான பிளாஸ்டிக் கவரில் மை ஒட்டிக்கொள்ளும்.

எழுத்துக்கு 300, படம் இருந்தால் 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்தில் பதியும் புள்ளிகளின் எண்ணிக்கை) ஸ்கேன் செய்யுங்கள். முகவரிப் பக்கத்தையும் விடாதீர்கள். அப்பா தேதி போட மறந்திருந்தாலும், தபால் முத்திரையில் தேதி இருக்கும். அதைப் படித்து, கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் மெல்லக் குறித்து வையுங்கள்.