கல்வித் தலைமைத்துவ ஆய்வை எந்த இதழுக்கு அனுப்புவது? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பள்ளிகளில் தலைமைப் பொறுப்பு ஆசிரியர்களிடையே எவ்வாறு பகிரப்படுகிறது என்பது பற்றிய என் முனைவர் பட்ட ஆய்விலிருந்து முதல் கட்டுரையை எழுதியிருக்கிறேன். தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) அதிகமுள்ள இதழில் தொடங்கி, மறுக்கப்பட மறுக்கப்படக் கீழே இறங்கி வருவது சரியான வழிதானா?

பதில்: அந்த வழியில் ஓரிரண்டு ஆண்டுகள் எளிதாகக் கழிந்துவிடும். தரவரிசையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கட்டுரையின் இறுதியிலுள்ள மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். எந்த இரண்டு மூன்று இதழ்கள் அதில் திரும்பத் திரும்ப வருகின்றனவோ, அவற்றில் நடந்துவரும் விவாதத்தில் பேசத்தான் நீங்களும் வந்திருக்கிறீர்கள். உங்கள் கட்டுரையை மதிப்பிடத் தகுதியானவர்களும் பெரும்பாலும் அங்கேதான் எழுதுகிறார்கள். அனுப்ப நினைக்கும் இதழிலிருந்து ஒரு கட்டுரைகூட உங்கள் பட்டியலில் இல்லையென்றால், துறை நிபுணர்களின் மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் இதழாசிரியர் அதைத் திருப்பிவிட வாய்ப்பு அதிகம்.

பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலித்தாலும் இத்துறை இதழ்களின் இயல்பு வேறு வேறானது. 1965 முதல் வெளிவரும் ‘எஜுகேஷனல் அட்மினிஸ்ட்ரேஷன் குவாட்டர்லி’ கோட்பாட்டு அடித்தளத்திலும் ஆய்வுமுறையிலும் மிகுந்த கண்டிப்புடையது. 1963இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட ‘ஜர்னல் ஆஃப் எஜுகேஷனல் அட்மினிஸ்ட்ரேஷன்’, பிரிட்டனின் கல்வித் தலைமைத்துவச் சங்கத்தின் இதழான ‘எஜுகேஷனல் மேனேஜ்மென்ட் அட்மினிஸ்ட்ரேஷன் அண்ட் லீடர்ஷிப்’ ஆகிய இரண்டிலும் பல நாடுகளின் பள்ளிகளைப் பற்றிய ஆய்வுகளைக் காணலாம். ‘ஜர்னல் ஆஃப் எஜுகேஷனல் அட்மினிஸ்ட்ரேஷன் அண்ட் ஹிஸ்டரி’ வரலாற்று நோக்கும் விமரிசன நோக்கும் கொண்ட எழுத்துக்கு உரிய இடம். வினாநிரல் வழியே திரட்டிய புள்ளிவிவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போவதில் பயனில்லை. எந்த இதழானாலும் கடைசி இரண்டாண்டு இதழ்களின் ஆய்வுச் சுருக்கங்களைத் தொடர்ந்து படித்தால் அதன் போக்கு தெரிந்துவிடும். இதழின் ‘நோக்கமும் எல்லையும்’ பக்கம் சொல்லாததையும் அவை சொல்லும்.

தலைமைத்துவம் என்ற சொல்லைப் பெயரிலே தாங்கிய இதழ்களோடு தேடலை நிறுத்திவிடவும் வேண்டாம். உங்கள் தலைப்பையே எடுத்துக்கொண்டால், பகிர்ந்த தலைமைத்துவம் பற்றி ஜேம்ஸ் ஸ்பில்லேனும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதிய அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்று 2001இல் ‘எஜுகேஷனல் ரிசர்ச்சர்’ இதழிலும், மற்றொன்று 2004இல் பாடத்திட்ட ஆய்வுக்கான ஓர் இதழிலும் வந்தன.

கேள்வி: அப்படியானால் தாக்கக் காரணியைப் பார்க்கவே வேண்டாமா?

பதில்: பாருங்கள், ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள். ஓர் இதழ் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு 2024இல் கிடைத்த மேற்கோள்களை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே அதன் 2024ஆம் ஆண்டுத் தாக்கக் காரணி. நம் துறையில் ஒரு கட்டுரையைப் படித்து, அதையொட்டிப் பள்ளிகளில் தரவு திரட்டி, எழுதி, மதிப்பாய்வைக் கடந்து அச்சேறுவதற்குள் அந்த இரண்டாண்டுச் சாளரம் மூடிவிடுகிறது. ஆய்வு இதழ்களையும் அவற்றின் மேற்கோள்களையும் பதிவுசெய்யும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் சைட்ஸ்கோர் என்ற அளவீடு நான்காண்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதால் சற்றே பொருத்தமானது. மேலும் இவை இதழின் சராசரியே அன்றி, உங்கள் கட்டுரையின் மதிப்பு அல்ல. தனிக் கட்டுரையையோ ஆய்வாளரையோ எடைபோட இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆய்வு மதிப்பீடு பற்றி 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. இருப்பினும் உங்கள் பல்கலைக்கழகம் குறிப்பிட்ட தரவுத்தளத்தில் உள்ள இதழ்களை மட்டுமே ஏற்குமானால் அந்த விதியை முதலிலேயே எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது தேவைப்படும் என்பதை மறுப்பதற்கில்லை.

கேள்வி: ஒரே ஒரு பள்ளியில் நீண்ட காலம் தங்கி, எண்களைவிட நேர்காணல்களை நம்பிச் செய்த பண்புசார் ஆய்வு என்னுடையது. ‘உள்ளூர் அக்கறைக்கு மட்டும் உரியது’ என்ற ஒரு வரியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிறிய பள்ளிகளைப் பற்றி எழுதுபவர்களுக்கு இடமே இல்லையா?

பதில்: இடம் உண்டு, இந்தத் துறைக்கு இப்போது மிகவும் தேவைப்படுவதே இத்தகைய ஆய்வுகள்தான் என்று உறுதியாக நம்புகிறேன். பிலிப் ஹாலிங்கரும் ஜுன்ஜுன் சென்னும் ஆசியக் கல்வித் தலைமைத்துவ ஆய்வுகளை மதிப்பிட்டபோது, 1995 முதல் 2012 வரை எட்டு முக்கிய இதழ்களில் வந்த கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஆசியாவின் பெரும்பகுதியில் அறிவுத்தளம் இன்னும் மெலிந்தே இருப்பதையும், ஆய்வுகள் சில சமூகங்களிலேயே குவிந்திருப்பதையும் அது காட்டியது. ஆகவே உங்கள் பள்ளி எங்கே இருக்கிறது என்பது குறையாகாது. ஆனால் அந்த இதழாசிரியர் எதைத் தேடிக் கிடைக்காமல் திருப்பினார் என்று யோசித்துப் பாருங்கள்: வேறொரு நாட்டில் வேறொரு பள்ளியை ஆராய்கிறவர் உங்கள் கட்டுரையைப் படித்துத் தன் புரிதலில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது முதல் இரண்டு பக்கங்களில் சொல்லப்பட்டிருக்கிறதா? ‘எங்கள் நாட்டில் இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்பது மட்டும் போதாது. தலைமையாசிரியருக்கு ஆசிரியர்களை நியமிக்கவோ மாற்றவோ அதிகாரம் இல்லாத ஓர் அமைப்பில், அத்தகைய அதிகாரம் உண்டு என்ற அனுமானத்தின் மேல் எழுந்த கோட்பாடு எங்கே தடுமாறுகிறது என்று நீங்கள் காட்டினால், அதே பள்ளியும் அதே நேர்காணல்களும் எல்லோருக்கும் உரியவை ஆகிவிடும்.

உங்களிடம் இருப்பது வாதத்தைவிட ஒரு நல்ல நிகழ்வு விவரிப்பு என்றால் ‘ஜர்னல் ஆஃப் கேசஸ் இன் எஜுகேஷனல் லீடர்ஷிப்’ போன்ற, பயிற்சி வகுப்புகளுக்கான நிகழ்வாய்வுகளை வெளியிடும் இதழைப் பாருங்கள். ‘மேனேஜ்மென்ட் இன் எஜுகேஷன்’ இதழில் குறுங்கட்டுரைகளுக்கும் இடமுண்டு. பள்ளிகளில் பணிபுரிவோரும் அதைப் படிக்கிறார்கள்.

கேள்வி: பத்து நாட்களில் வெளியிடுவதாகச் சொல்லி ஓர் இதழிலிருந்து அழைப்பு மின்னஞ்சல் வந்திருக்கிறது. கட்டணம் குறைவுதான். நம்பலாமா?

பதில்: வேண்டாம். முறையான மதிப்பாய்வு பத்து நாட்களில் முடிந்து அச்சேறுவதில்லை. கட்டணம் கேட்பது மட்டுமே மோசடியின் அடையாளம் அல்ல, யாரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் திறந்த அணுகல் இதழ்கள் பல நேர்மையாகவே கட்டணம் பெறுகின்றன. ஆகவே வேறு சான்றுகளைத் தேடுங்கள். இதழாசிரியர் குழுவில் உள்ளவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்தப் பொறுப்பைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்கோபஸில் இருப்பதாக இதழ் சொன்னால் ஸ்கோபஸின் சொந்தத் தளத்திலேயே தேடுங்கள். பழைய பதிவு இருந்து, இப்போது சேர்ப்பது நிறுத்தப்பட்டிருக்கவும் கூடும். நற்பெயர் பெற்ற இதழின் பெயரையும் பன்னாட்டுத் தொடர் எண்ணையும் (ISSN) திருடிப் போலித் தளம் நடத்துவோரும் உண்டு என்பதால், இணைய முகவரியைப் பதிப்பகத்தின் பக்கம் வழியாகச் சென்று உறுதிப்படுத்துவது நல்லது.

கேள்வி: நல்ல இதழ்களின் திறந்த அணுகல் கட்டணத்தை என்னால் செலுத்த இயலாது. வழி உண்டா?

பதில்: உண்டு. மேலே குறிப்பிட்ட துறை இதழ்களில் பெரும்பாலானவை சந்தா முறையிலும் வெளியிடுகின்றன. அந்த முறையைத் தேர்ந்தால் நீங்கள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. ஏற்கப்பட்ட இறுதிக் கையெழுத்துப் படியைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. எந்தப் படியை, எப்போதிலிருந்து வைக்கலாம் என்பதை மட்டும் அந்தந்த இதழின் கொள்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேரத்தைச் சேமிக்க இரண்டு இதழ்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பலாமா?

பதில்: கூடாது. அனுப்பும்போதே அவ்வாறு செய்யவில்லை என்று உறுதியளிக்கிறீர்கள்.

கேள்வி: மதிப்பாய்வாளர் இருவர் நீண்ட கருத்துகள் எழுதியும் கட்டுரை மறுக்கப்பட்டுவிட்டது. அப்படியே அடுத்த இதழுக்கு அனுப்பலாமா?

பதில்: திருத்தாமல் அனுப்பாதீர்கள். நம் துறை சிறியது. அடுத்த இதழின் ஆசிரியரும் அதே தலைப்பில் அதே நிபுணரை அணுகக்கூடும், தான் எழுதிய எந்தக் கருத்தும் கவனிக்கப்படவில்லை என்பதை அவர் முதல் பக்கத்திலேயே கண்டுகொள்வார். இருவரும் ஒரே இடத்தைச் சுட்டியிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதை ஏற்க மனமில்லையென்றால், ஏன் ஏற்கவில்லை என்பதற்கான காரணத்தைக் கட்டுரைக்குள்ளேயே ஓரிரு வாக்கியங்களில் சேர்த்துவிடுங்கள். பிறகு முன்னுரையைப் புதிய இதழின் வாசகரை மனத்தில் வைத்துத் திருப்பி எழுதுங்கள், ஏனெனில் விவாதம் மாறும்போது உங்கள் கேள்வி தொடங்கும் இடமும் மாற வேண்டும்.