உருளைக்கிழங்கை ஆப்பிளாகத் தின்ற தம்பி

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் மனோவசிய நிகழ்ச்சி நடந்தது. எல்லோரையும் விரல்களைக் கோத்துக்கொள்ளச் சொல்லி, 'இனிப் பிரிக்க முடியாது' என்றார் மேடைக்காரர். எனக்குக் கை சுலபமாகப் பிரிந்தது, இறங்கச் சொல்லிவிட்டார். என் தம்பிக்குப் பிரியவே இல்லை. ஐந்து நிமிடத்தில் பச்சை உருளைக்கிழங்கை ஆப்பிள் என்று ருசித்துத் தின்றான். அவன் கல்லட்டி வழியாக மசினகுடிக்குக் காய்கறி வேன் ஓட்டுபவன். 'மனசு இளகினவன், இனி வண்டி வேண்டாம்' என்கிறார் அம்மா. ஒரே வயிற்றில் பிறந்த எங்கள் இருவருக்கும் உடம்பில் அப்படி என்ன வித்தியாசம்?
– கோத்தகிரி வாசகி

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லி வண்டிச் சாவியைத் தம்பிக்கு வாங்கிக் கொடுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

மேடைக்காரர் அந்தக் கை கோக்கும் விளையாட்டில் ஆள் பொறுக்கியிருக்கிறார். இதையே ஒழுங்காக அளக்க, 1959இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் 12 மதிப்பெண் சோதனை ஒன்றை உருவாக்கினார்கள். படிக்கிற காலத்தில் நானும் அதற்கு உட்கார்ந்திருக்கிறேன். 'கை கனக்கிறது' என்றதும் கை இறங்கியது உண்மை. 'ஒரு கொசு உங்களைச் சுற்றுகிறது' என்றபோது, குன்னூர் டிசம்பர் குளிரில் ஏது கொசு என்று சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அடுத்து உட்கார்ந்த நண்பனோ இல்லாத கொசுவைப் புறங்கையில் பட்டென்று அடித்தான். அவன்தான் எங்கள் வகுப்பில் முதல் மாணவன்! இளகின மனசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெரும்பாலானவர்கள் நடுத்தரம். நன்றாக வசப்படுகிறவர்களும் அறவே வசப்படாதவர்களும் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சம்தான். இது வயதோடு அதிகம் மாறுவதும் இல்லை. மாணவப் பருவத்தில் சோதித்த 50 பேரை 25 வருடம் கழித்துத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். 1989இல் வந்த அந்த முடிவில், முன்னே நின்றவர்கள் பெரும்பாலும் முன்னேயே நின்றார்கள்.

இனி உடம்புக்கு வருவோம். 2012இல் ஸ்டான்ஃபோர்டில் நன்றாக வசப்படுகிற 12 பேரையும் வசப்படாத 12 பேரையும் சும்மா படுக்க வைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். மூளையின் அமைப்பில் வேறுபாடு தெரியவில்லை, அதன் பகுதிகளுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தையில்தான் தெரிந்தது. இடது நெற்றிக்குப் பின்னால் முடிவெடுக்கிற பகுதி ஒன்று உண்டு. 'இதைக் கவனி, அதை விடு' என்று தரம் பிரிக்கிற பகுதி இன்னொன்று. தோட்டத்து மேஸ்திரியும் கணக்குப்பிள்ளையும் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தம்பி மாதிரி ஆட்களுக்கு இந்த இருவரும் எந்நேரமும் தொடர்பிலேயே இருக்கிறார்கள். உங்களுக்கும் எனக்கும் அவரவர் வேலை அவரவருக்கு. 2016இல் அதே குழு மனோவசியத்தின்போதே ஸ்கேன் எடுத்தது. வசப்படுகிறவர்களுக்கு, தரம் பிரிக்கிற பகுதி அடங்கிவிடுகிறது. செய்கிற காரியத்துக்கும் 'நான் செய்கிறேன்' என்ற உணர்வுக்கும் இடையிலான இழையும் தளர்கிறது. தின்றது தம்பிதான், 'இது கிழங்கு' என்று உள்ளே குறுக்கிடுகிற குரல்தான் ஓய்ந்துபோனது.

எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் யாருக்கும் நாக்கு தடுமாறும். வசப்படுகிறவர்களிடம் 'இவை உங்களுக்குத் தெரியாத மொழியின் எழுத்துகள்' என்று முன்கூட்டியே சொல்லிவைத்தபோது அந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்தது. மற்றவர்களுக்குக் குறையவில்லை. நடித்து இதைச் செய்துவிட முடியாது. இத்தாலியில் ரத்தக் குழாயையும் பார்த்திருக்கிறார்கள். மனக்கணக்குப் போடும் நெருக்கடியில் வசப்படாதவர்களின் குழாய் விரியும் திறன் குறைந்தது, மற்றவர்களுக்கு அவ்வளவாகக் குறையவில்லை. இவையெல்லாம் சிறு கூட்டத்தில் செய்த ஆய்வுகள், அதை மறக்க வேண்டாம். மரபணுவைப் பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

இதற்குத் தமிழில் 'அறிதுயில்' என்று பெயர் வைத்தவரைக் கும்பிடலாம். பாற்கடல் பெருமாள் படுத்திருக்கிறார், ஆனால் எல்லாம் அறிந்தே படுத்திருக்கிறார். இது தூக்கமே அல்ல, ஒன்றிலேயே கவனம் குவிவது. ஆகவே கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் தம்பி தானாக மயங்கி விழுவான் என்று பயப்பட இதில் காரணம் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று: 'கண்ணை மூடுங்கள், உடல் தளர்கிறது' என்று செல்போனில் ஓடுகிற ஒலிப்பதிவுகளை வண்டியில் போட வேண்டாம். அது யாருக்குமே ஆகாது.

பல் பிடுங்கும்போதோ வேறு சிகிச்சையிலோ வலியைக் குறைக்க, பயிற்சி பெற்ற மருத்துவர் இருந்தால் தம்பிக்கு இது நன்றாகவே உதவும். உங்களுக்கும் ஆசை இருந்தால்: 2024இல் 80 பேருக்கு நடந்த ஆய்வில், இடது நெற்றிப் பக்கம் தலைக்கு வெளியிலிருந்து காந்தத்தால் மூளையைத் தூண்டியபோது வசப்படும் தன்மை சற்றுக் கூடியது. ஒரு மணி நேரத்தில் பழைய கதைதான்.

அன்று ராத்திரி முழுக்க அவனுக்கு வயிறு பொருமியது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது பச்சைக் கிழங்கின் வேலை. அடுத்த திருவிழாவுக்கு மேடைக்காரரிடம் ஒரு கேரட் கொடுத்துவிடுங்கள்.