சிப்பிக்கு முங்கியவர் பவளப்பாறைமேல் மிதக்கலாமா?

கேள்வி: குளச்சல் பக்கம் எங்கள் ஊர். சிறு வயது முதல் சிப்பி எடுக்க முங்கிப் பழகியவன். பிப்ரவரியில் மனைவியுடன் அந்தமான் செல்கிறேன். ஜாலிபாய் தீவுக்குப் படகில் போய், முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்க்கும் ஸ்நார்க்கெலிங் செய்ய ஆசை. மனைவிக்கு நீச்சல் தெரியாது. என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் மனைவியைப் பற்றி எனக்குக் கவலையில்லை, உங்களைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அவர் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, வழிகாட்டியின் கையைப் பிடித்தபடி மிதந்துவிடுவார். நீங்களோ பழக்க தோஷத்தில் மூச்சை அடக்கி முங்குவீர்கள். அலை தள்ளினால் பாறையில் காலை ஊன்றுவீர்கள். நம் ஊர்ப் பாறை அதைத் தாங்கும். பவளப்பாறையின் மேற்பரப்போ உயிருள்ளது. பல ஆண்டுகள் வளர்ந்த கிளை ஒரே மிதியில் முறிந்துவிடும். உங்கள் காலில் விழும் வெட்டும் இலேசில் ஆறாது.

ஆகவே கவிழ்ந்து மிதந்தபடி குழாய் வழியே நிதானமாக மூச்சு விடுங்கள். குழாயில் தண்ணீர் புகுந்தால் பலமாக ஒரே ஊது, போதும். ஆமையைக் கண்டால் துரத்த வேண்டாம். அதுவும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும்.

சொந்தக் கண்ணாடி இருந்தால் கொண்டு போங்கள், ஆனால் அது மூக்கையும் மூட வேண்டும். வாங்கும்போது வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இலேசாக இழுங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் அதுவே உங்கள் அளவு. மீசை அடர்த்தி என்றால் தண்ணீர் கசியும். சிலிக்கான் ஓரமானால் மீசைமேல் கொஞ்சம் வாசலின் தடவிப் பாருங்கள். மீசையை எடுக்கச் சொன்னால் எந்தக் குமரிக்காரர் கேட்பார்? கண்ணாடி மங்காமலிருக்க உள்ளே எச்சில் தடவி அலசுங்கள்.

ஜாலிபாய், 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. வனத்துறை அனுமதி வேண்டும். படகு வண்டூர் துறையிலிருந்து புறப்படும். ஜாலிபாயையும் ரெட்ஸ்கின் தீவையும் பருவம் மாற்றி மாற்றித் திறப்பார்கள் என்பதால், உங்கள் தேதிக்கு எது திறந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பையைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக்குக்கு இடமில்லை. தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீனை விட முழுக்கைச் சட்டை நல்லது, முதுகும் பவளமும் தப்பும்.

கன்னியாகுமரிக் கடைகளில் சங்கு வாங்கும் நினைப்பில், கரையொதுங்கிய பவளத் துண்டைப் பையில் போட்டுவிடாதீர்கள். செத்த பவளமானாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்தான்.