கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள், கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். கட்சிக் கிளையில் பல வருடமாகப் பொருளாளர். கோயில் நிலப் பிரச்சினைக்கு வேறு கட்சி சட்டமன்ற உறுப்பினரிடமும் போய்ப் பேசுவோம் என்று கிளைக் கூட்டத்தில் சொன்னேன். ‘துரோகி’ என்று கத்தினார்கள். அடுத்த வாரம் கிளைத் தலைவர் என்னை நீக்கிவிட்டதாகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டார். கிளைப் பணத்தைச் சாப்பிட்டவன் என்றும் எழுதியிருக்கிறார். கோயில் நிர்வாகத்திலிருந்து விலகச் சொல்கிறார்கள். கட்சிக்காரர்கள் நடத்தும் பாலர் பள்ளியில் வேலை செய்த என் மனைவியையும் போன வாரம் நிறுத்திவிட்டார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: ஐயா, உங்கள் மனைவியின் விஷயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதற்குக் கெடு இருக்கிறது. 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம், 20-ஆம் பிரிவின்படி, நியாயமான காரணமில்லாமல் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். கணவர் கூட்டத்தில் என்ன பேசினார் என்பது நியாயமான காரணமே ஆகாது. மனு கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை. சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் இருந்தால் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.

இனி கட்சி. நீக்கத்தை எதிர்த்து கோர்ட்டுக்குப் போவது கடினம். 1988 பிப்ரவரியில், பதிவு பெறாத கிளைகள் இருந்ததைக் காரணம் காட்டி உயர் நீதிமன்றம் அப்போதைய ஆளும் கட்சியான அம்னோவையே சட்டவிரோதமானது என்று அறிவித்தது. அதற்குப் பிறகுதான், 1990-ல், 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தில் 18சி பிரிவு நுழைந்தது. கட்சி விவகாரத்தில் கட்சி எடுக்கும் முடிவே இறுதியானது, எந்த நீதிமன்றமும் அதை விசாரிக்க முடியாது என்கிறது அது. 2020-ல் பெர்சாத்து கட்சியின் உறுப்பினர் தகுதியை இழந்த முன்னாள் பிரதமர் டாக்டர் மகாதீரின் வழக்கே உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2022 கட்சித் தாவல் தடைத் திருத்தத்தின்படி, கட்சி நீக்கினாலும் நாடாளுமன்ற உறுப்பினரின் பதவி போகாது. சாதாரண உறுப்பினருக்கு அப்படி ஒரு பாதுகாப்பும் இல்லை. கட்சிக்குள் நிதானமாகப் பேசுகிறவரைத்தான் இந்தச் சட்டம் அதிகம் கைவிடுகிறது என்பது என் கருத்து.

ஆனால் 18சி-யில் ஒன்றைக் கவனியுங்கள். கட்சியோ, கட்சி அதிகாரம் கொடுத்தவரோ எடுத்த முடிவுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. உங்களை நீக்கியது யார்? பல கட்சிகளின் அமைப்பு விதியில் உறுப்பினரை நீக்கும் அதிகாரம் மத்திய செயலவைக்கோ ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கோதான் உண்டு. காரணம் கேட்டுக் கடிதம் வந்ததா? விசாரணைக்குக் கூப்பிட்டார்களா? புலனத்தில் வந்த நாலு வரியைத் தவிர வேறு எதுவும் இல்லையென்றால், நீங்கள் இன்னும் உறுப்பினர்தான் என்று வாதாட இடம் இருக்கிறது. அமைப்பு விதியின் பிரதி ஒன்றை வாங்குங்கள். கட்சித் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி, நீக்க முடிவின் பிரதியைக் கேளுங்கள், அதே கடிதத்தில் மேல்முறையீடும் செய்துவிடுங்கள். மேல்முறையீட்டுக்கு விதியில் கெடு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

பணத்தைச் சாப்பிட்டவன் என்று எழுதியது வேறு கதை. அது கட்சியின் முடிவு அல்ல, ஒரு மனிதரின் பெயரைக் கெடுப்பது. எழுத்தில் வந்த அவதூறுக்கு 6 வருடத்துக்குள் வழக்குத் தொடரலாம். உறுப்பினர்களுக்குள் கடமையாகச் சொன்ன தகவல்தான் என்று எதிர்த்தரப்பு வாதாடும். வன்மத்தோடு எழுதியது என்று நாம் காட்டினால் அது எடுபடாது. கூட்டத்தில் துரோகி என்று கத்திய மறுவாரமே இந்தப் பதிவு வந்திருப்பது அதற்கு உதவும். பதிவு அழியுமுன் தேதி, அனுப்பியவர் எண், குழுவின் பெயர் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். கணக்குப் புத்தகம் உங்களிடம்தானே இருக்கிறது? ஒவ்வொரு பக்கத்தையும், ரசீதுகளையும், வங்கி அறிக்கையையும் நகலெடுங்கள். அப்புறம் மூலப் பிரதியை இரண்டு சாட்சிகள் முன்னால் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். கோபத்தில் புத்தகத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அவர்கள் சொன்ன பழிக்கு நீங்களே ஆதாரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கோயில் நிர்வாகம் தனிச் சங்கமாகப் பதிவு பெற்றிருந்தால் அதற்குத் தனி அமைப்பு விதி உண்டு. 18சி அரசியல் கட்சிக்கு மட்டும்தான், கோயிலுக்கு இல்லை. விதியை மீறி உங்களை நீக்கினால் தாராளமாகக் கோர்ட்டுக்குப் போகலாம். ஆகவே, ‘பிரச்சினை வேண்டாம்’ என்று யார் வீட்டுக்கு வந்து கேட்டாலும் விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாக விலகினால் வழக்குக்கே இடமிருக்காது.