அந்த 12 லட்சத்தைக் கட்டாதீர்கள்

போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பதி, எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்க மகனை என்னிடம் அழைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். ஒரு தனியார் கல்லூரியில் ஏ.ஐ. - டேட்டா சயின்ஸ் சீட்டுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் பெரியப்பா பேசி வைத்திருக்கிறார். நாலு வருஷத்துக்கு 12 லட்சம். அம்மாவின் கவலை வேறு. "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பழைய லேப்டாப்புல கறுப்புத் திரையவே பாத்துக்கிட்டு இருக்கான் சார். கேட்டா, ஒரே நம்பரை எத்தனை ஃபைல்ல எழுதி வச்சிருக்காங்கன்னு தேடுறேங்கிறான்."

பயப்படாதீங்கம்மா என்றேன். ஆறுதல் அவ்வளவுதான். அந்த சீட் வேண்டாம் என்று நேராகவே சொன்னேன்.

வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துத்தான் அந்தப் பணம் வர வேண்டும். உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி இவன். ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் அதற்கான கட்டணச் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடையாது. பெரியப்பா இதைச் சொன்னாரா? அவன் மார்க்குக்கு இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) கிடைக்கும். அவன் போகிற திசைக்கு அதுவே பொருத்தம்.

என்ன திசை என்று கேட்டார் அப்பா. லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மூல நிரலில் தேடிக்கொண்டிருந்தான். வைஃபை, சென்சார், டிஸ்க் என ஒவ்வொரு சாதனத்துக்கும் அதை இயக்கும் நிரலாக அதில் ஒரு டிரைவர் உண்டு. எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள். ஒரு மெகாஹெர்ட்ஸுக்குப் பத்து லட்சம் ஹெர்ட்ஸ் என்பதை ஆளாளுக்குத் தன் ஃபைலிலேயே வரையறுத்துக்கொண்டார்கள். சிலர் வெறும் எண்ணாக, சிலர் எண் வகையைக் குறிக்க வாலில் 'எல்' சேர்த்து. 2021-ல் இவற்றைத் திரட்டி 'யூனிட்ஸ்' என்ற பொது ஹெடரில், அதாவது எல்லா டிரைவர்களும் பகிர்ந்துகொள்ளும் ஃபைலில், ஒரே வரையறையாக வைத்தார்கள். அந்த ஹெடர் பிறந்ததே அதற்கு முந்தைய வருஷம், கெல்வின்-செல்சியஸ் கணக்கு இப்படிச் சிதறிக் கிடந்ததால்தான்.

டிரைவரில் இருக்கும் தனி வரையறையை எடுத்துவிட்டு அந்தப் பொது வரையறைக்கு மாற்றுவதுதான் இவன் செய்யப் பார்ப்பது. வெட்டி ஒட்டுகிற வேலைதானே என்று தோன்றும். இல்லை. பொது வரையறை மைனஸ் ஏற்காத குறியில்லா எண் வகை, டிரைவரில் இருந்தது மைனஸும் ஏற்கும் குறியுள்ள வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மைனஸ் எண்ணை அதால் வகுத்தால் மைனஸ் தொலைந்து ராட்சத எண் ஒன்று வந்து நிற்கும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் இதை எச்சரிக்காமல் பெரும்பாலும் வாயே திறக்காது. அதேபோல, இரண்டு சிப்புகளில் ஒரு ரெஜிஸ்டரின் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடத்தின்) முகவரி ஒன்றாக இருந்துவிட்டால் அது தற்செயல். அதைச் சேர்க்கவே கூடாது. கணினியில் சாதனங்களை இணைக்கும் பி.சி.ஐ. முறையின் அடையாள எண்களுக்கான பொது ஹெடரின் தலையிலேயே, பல டிரைவர்கள் பகிர்ந்துகொள்ளாத எண்ணை இங்கே சேர்க்காதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற அந்த நிதானம்தான் இந்த வேலையில் கற்க வேண்டிய பாடம்.

எண் வகை மாறினால் என்ன செய்வாய் என்று அவனிடம் கேட்டேன். "அதான் சார், அந்த மாறிலியை எங்கெல்லாம் பெருக்குறாங்க, வகுக்குறாங்கன்னு ஒவ்வொரு வரியா பாக்குறேன்" என்றான். பதினேழு வயதில் இந்தப் பதிலைச் சொல்லும் பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

தம்பி, உனக்கு ஒன்று. பேட்சை, அதாவது நீ அனுப்பும் திருத்தத்தை, சின்னதாக வை, ஒரு டிரைவருக்கு ஒன்று போதும். பேட்சில் எழுத்து நடைப் பிழைகளைச் சுட்டும், கெர்னலோடு வரும் 'செக்பேட்ச்' ஸ்கிரிப்டை ஓட்டு. யாருக்கு அனுப்புவது என்பதை 'கெட் மெயின்டெய்னர்' என்ற இன்னொரு ஸ்கிரிப்ட் சொல்லும். 32 பிட் கணினிகளுக்கும் கம்பைல் செய்து பார். ஏன் மாற்றினாய் என்பதை நாலு வரி ஆங்கிலத்தில் தெளிவாக எழுது. அங்கேதான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். திருப்பி அனுப்பினால் முகம் வாடாதே, திருத்தி இரண்டாம் பதிப்பு அனுப்பு. ஏற்கப்பட்டால் உன் பெயர் கெர்னலின் மாற்ற வரலாற்றில் நிற்கும், இன்டர்வியூ எடுப்பவர் நேரில் பார்த்துக்கொள்ளலாம். இதற்குப் பைசா செலவில்லை.

இது மட்டும் வேலை வாங்கித் தராது, அதையும் சொல்லிவிடுகிறேன். சி மொழி, கணினிக் கட்டமைப்பு, சிப்பின் விவரங்கள் அடங்கிய டேட்டாஷீட்டை வாசிக்கும் பழக்கம் மூன்றும் வேண்டும். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே பெங்களூருக்கு வந்த நிறுவனம். அதுபோன்ற சிப் நிறுவனங்கள் தேடுவது இந்த மூன்றும் உள்ள ஆளை. இ.சி.இ. பாடங்களை அவன் அலட்சியம் செய்தால் நானே திட்டுவேன்.

செலவு செய்தே தீர வேண்டும் என்றால், அப்பா, 16 ஜிபி ரேம் உள்ள ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுங்கள். இப்போதிருக்கும் 4 ஜிபியில் கெர்னல் கம்பைல் ஆகி முடிய விடிந்துவிடுகிறது. அவன் இரண்டு மணி வரை விழித்திருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். பெரியப்பா நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள், அவரிடம் நானே பேசுகிறேன்.