விதையில் முளைத்த கள்ளி நாற்றை ஏன் இன்னொரு கள்ளியின் மேல் ஒட்டுகிறார்கள்?

சேலத்துக்காரர்களுக்கு ஒட்டு மாங்கன்று தெரியும்: அடியில் நாட்டு மாவின் வேர், மேலே மல்கோவா கிளை. கள்ளி ஒட்டும் அதேதான். விதையில் முளைத்த குட்டி நாற்றை, வேகமாக வளரும் வேறு கள்ளியின் தலையை வெட்டி அங்கே உட்கார வைக்கிறோம். அடியில் இருப்பது வேர்ச்செடி. டிராகன் பழத் தண்டே அதற்குப் போதும்.

காரணம் வேர்தான். பல கள்ளி வகைகளில் ஒரு வயது நாற்று பட்டாணி அளவுகூட இருக்காது, வேரோ மயிரிழை. ஏற்காட்டுப் பனியில் மண் நாலு நாள் காயாமல் கிடந்தால் அடி அழுகிச் சாய்ந்துவிடும். வளர்ந்த தண்டின் மேல் என்றால் தண்ணீரும் சத்தும் தயாராக வந்து சேரும்.

விதையைப் புதைக்காதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். மணல் கலந்த ஈர மண்ணின் மேல் தூவி, டப்பாவை மூடி, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பச்சைக் கடுகு போல எழும்பும். அந்தக் காலை எனக்கு இன்றும் திருவிழாதான்.

அப்புறம் ஒட்டும்போது: நாற்றைப் புது பிளேடால் குறுக்கே வெட்டினால் நடுவில் மங்கலாக ஒரு வளையம் தெரியும். சாறு ஓடும் குழாய்கள் அவை. தண்டிலும் அதே வளையம் உண்டு, ஆனால் பெரியது. நாற்றைச் சரியாக நடுவில் வைத்தால் சின்ன வளையம் பெரியதைத் தொடாமலே உட்கார்ந்துவிடும், தண்ணீர் ஏறாது. கொஞ்சம் ஓரமாகத் தள்ளி, இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று வெட்டும்படி, வெட்டுவாய் காய்வதற்குள் வையுங்கள்.

ஒட்டினால் இரண்டும் கலந்து புது இனம் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மேலே இருக்கும் செடி தன் இனத்துப் பூவைத்தான் பூக்கும்.